கிளினிக் கொப்பியை எங்கே வைப்பது? வன்னிக் குடும்பங்களும் மனநோயின் பழியும்

இலங்கையின் வடக்கில், வன்னிப் பகுதியின் கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீரை நம்பி வயல் செய்கிற ஒரு கிராமத்தில் எனக்கு நெருங்கிப் பழக்கமான வீடொன்று இருக்கிறது. அந்த வீட்டு அம்மாவின் நீரிழிவுக் கிளினிக் கொப்பி விறாந்தையில் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல், வருகிறவர் போகிறவர் எவரும் எடுத்துப் புரட்டக்கூடிய இடத்தில் கிடக்கும். மூத்த மகனின் கொப்பி சாமியறையில் முருகன் படத்துக்குப் பின்னால், பொலித்தீன் பையில் சுற்றிச் செருகப்பட்டிருக்கிறது. தாய் மருந்தெடுப்பது பக்கத்து வைத்தியசாலையில். மகனை மாதாந்த ஊசிக்குக் கூட்டிப்போவதோ அதே வைத்தியசாலையின் வாசலைத் தாண்டி, ஏ9 வீதியால் நெடுநேரம் பஸ்ஸில் போய், வேறு மாவட்டத்தில். அக்கம்பக்கத்தார் கேட்டால் "தம்பிக்குக் கண் காட்டப் போறம்" என்பது பதில்.

இதை அறியாமை என்று சொல்லிவிட்டுக் கடந்து போவது எளிது. விழிப்புணர்வுக் கூட்டங்களில் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு மகனின் நோய் என்னவென்று தெரியும், ஊசியின் பெயர் தெரியும், ஒரு தவணை தப்பினால் எத்தனையாம் கிழமையில் அவன் நித்திரை கொள்ளாமல் முற்றத்தில் நடக்கத் தொடங்குவான் என்பது வைத்தியரைவிட நன்றாகத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவர் மறைக்கிறார். மனநோயின் பழியை வன்னிக் குடும்பங்கள் எப்படிப் பார்க்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள, அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று கேட்பதைவிட, எதை இழக்க அஞ்சுகிறார்கள் என்று கேட்பதே கூடுதலான பலனைத் தரும்.

முதலில் சொல்லைக் கவனிக்க வேண்டும். ஈழத்துப் பேச்சில் 'விசர்' என்பது நாள்தோறும் புழங்கும் சொல். "விசர்க்கதை கதையாதை" என்று கூட்டாளியை அடக்குவோம். கொஞ்சலாகப் பேரப்பிள்ளையை "விசர்ப் பெட்டை" என்போம். அதே சொல்தான் வெறிபிடித்த நாயையும் குறிக்கிறது. சுகாதாரப் பகுதியின் அறிவித்தலில் 'விசர்நாய்க்கடி' என்றே எழுதப்பட்டிருக்கும். கொஞ்சலுக்கும் கொல்லப்பட வேண்டிய நாய்க்கும் இடையில் இழுபடுகிற இந்தச் சொல், உண்மையாகவே நோய் இருக்கிற வீட்டுக்குள் மட்டும் நுழைவதில்லை. அங்கே "அவனுக்குக் கொஞ்சம் ஏலாது", "யோசினை கூடிப்போச்சு", "நரம்பு வருத்தம்", "நித்திரை இல்லை" என்ற சொற்களே புழங்குகின்றன. இவற்றை மழுப்பல் என்று மட்டும் கொள்ளக்கூடாது. ஒவ்வொன்றும் நோய்க்கு ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. 'யோசினை' என்றால் கவலைப்படப் போதிய காரணம் இருந்தது என்று பொருள். 'நரம்பு' என்றால் உடம்பில் வந்த கோளாறு, ஆளில் பிழை இல்லை என்று பொருள். குடும்பத்தின்மேல் எவ்வளவு பழி விழும் என்பது நோயின் கடுமையைப் பொறுத்ததல்ல, அதற்குச் சொல்லப்படும் காரணத்தைப் பொறுத்தது என்பதை வன்னியில் எல்லோரும், வாய்விட்டுச் சொல்லாமலே, அறிந்து வைத்திருக்கிறார்கள்.

காரணங்களுள் மிகவும் மரியாதையானது போர். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்த அந்தப் போரிலிருந்து உயிரோடு வெளியேறி, செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டவர்கள் மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அந்தக் கூடாரங்களுக்குள் எதையும் மறைக்க முடியாது. தறப்பாள் சுவருக்கு அப்பால் யார் இரவில் கத்துகிறார், யார் சாப்பிட மறுக்கிறார் என்பது வரிசை முழுவதற்கும் கேட்கும். ஆனால் அங்கே வெட்கமும் அவ்வளவாக இருக்கவில்லை என்று பலர் நினைவுகூர்கிறார்கள், ஏனெனில் ஏதோ ஒன்றால் பாதிக்கப்படாத வீடு அந்த வரிசையில் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி 2010 இல் எழுதியபோது, தனி ஆளின் நோயைக் காட்டிலும் குடும்பமும் ஊரும் சேர்ந்து அடைந்த காயத்தையே முன்னிறுத்தினார். யாழ் மாவட்டத்தில் 2009 இல் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்று, பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 வீதத்தினரிடமும் மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதத்தினரிடமும் காணப்பட்டதாகக் கூறியது. மூன்றில் ஒருவருக்கு இருக்கிற ஒன்றைச் சுட்டி எந்தக் குடும்பத்தையும் ஒதுக்கிவைக்க முடியாது.

ஆனால் எல்லா மனநோயும் போரால் வருவதில்லை. மனப்பிளவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குண்டு விழாத ஊர்களிலும் அது இருக்கிறது, 1983 க்கு முந்திய வன்னியிலும் இருந்திருக்கும். யாரோ பேசுகிற குரல் கேட்பது, உறவினர் சாப்பாட்டில் நஞ்சு வைக்கிறார்கள் என்று நம்புவது, குளிக்காமல் உடுப்பு மாற்றாமல் திரிவது ஆகிய குணங்கள் தென்படத் தொடங்கியதும், 'யோசினை' என்ற பெயர் தாக்குப்பிடிக்காது. அப்போது குடும்பங்கள் செய்வது என்னவென்றால், அந்த நோயையும் போரின் கணக்கிலேயே எழுதிவிடுவது. வருத்தம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் "புதுமாத்தளனில பக்கத்தில ஷெல் விழுந்ததோடை" என்று தாய் சொல்வார், சற்றுப் பொறுத்து, தேத்தண்ணி கொண்டுவரும் அக்கா, "இல்லையம்மா, ஓ.எல். சோதனை எடுக்கேக்கையே தனியக் கதைக்கத் தொடங்கிட்டான்" என்று சொல்லி, தாயின் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொள்வார். அந்தத் தாய் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. கடைசி மாதங்களில் மருந்து கிடைக்காமல் பழைய நோய் பெருகிய கதைகளும் உண்மையே, அதிர்ச்சி நோயைத் தூண்டுவதும் உண்மையே. எனினும் எந்த ஆண்டைத் தொடக்கமாகச் சொல்வது என்பதில் ஒரு தேர்வு இருக்கிறது, அந்தத் தேர்வை நடத்துவது குடும்பத்தின் மானம்.

இந்தக் கணக்கு இனி நெடுங்காலம் செல்லாது என்பதுதான் இன்றைய சிக்கல். மனப்பிளவு நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் முடிவிலும் இருபதுகளிலும் தலைகாட்டுவது. இப்போது அந்த வயதை எட்டுகிற பிள்ளைகள் முகாமில் கைக்குழந்தையாக இருந்தவர்கள், அல்லது மீள்குடியேறிய பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு ஷெல் சத்தம் தெரியாது. ஆகவே புதிய காரணங்கள் தேடப்படுகின்றன: இரவிரவாகப் போன் பார்த்தது, காதல் பிழைத்தது, யாரோ பழக்கிவிட்ட போதைப்பொருள். கடைசியாகச் சொன்னது தானே ஒரு பழிதான். ஆனாலும் அது பையனோடு போய்விடும் பழி, இரத்தத்தில் ஏறாது என்பதால், அதையும் சில வீடுகள் விரும்பி ஏற்கின்றன. இது எனக்கு முதலில் விசித்திரமாகத்தான் பட்டது.

செய்வினை என்ற விளக்கத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அது வெறும் மூடநம்பிக்கையாகத் தோன்றாது. காணித் தகராறில் மனம் முறிந்த உறவினர் ஒருவர் வேலியோரத்தில் எதையோ புதைத்தார் என்று சொல்லும்போது, நோய் வெளியிலிருந்து வந்ததாகிறது, குடும்பம் தீங்கு செய்யப்பட்ட தரப்பாகிறது, வெட்டிக் கழித்தால் போய்விடும் என்ற நம்பிக்கையும் கிடைக்கிறது. கோயில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலில் உருவந்து ஆடுகிற பெண்ணை யாரும் இழிவாகப் பார்ப்பதில்லை. விலகி வழிவிட்டுக் கும்பிடுகிறார்கள். கொப்பளிப்பானை 'அம்மாள் வருத்தம்' என்று அழைத்து, வேப்பிலை கட்டி, வீட்டுக்கு அம்மாள் வந்திருக்கிறாள் என்று அடக்கமாக அறிவிக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. தொற்றக்கூடிய ஒரு நோய் வெட்கமில்லாமல் படலையில் அறிவிக்கப்படுகிறது. தொற்றாத ஒரு நோய் படத்துக்குப் பின்னால் ஒளிக்கப்படுகிறது. மடு மாதாவிடம் நேர்த்தி வைப்பவர்களும் இவ்வாறுதான்: யாத்திரைக் கூட்டத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதற்கு எவரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்குப் போவது மருந்தைத் தடுக்கிறது என்று கண்டிப்பவர்கள், வைத்தியசாலையின் உளநலப் பிரிவு தர முடியாத ஒன்றைக் கோயில் தருகிறது என்பதைக் கவனிப்பதில்லை. கோயிலில் பிறர் முன்னால் நிற்க முடிகிறது.

பழி முழு எடையோடு இறங்குவது பரம்பரை என்ற காரணத்தில்தான், அதைச் சுமப்பது கலியாணப் பேச்சு. சென்னையிலுள்ள 'ஸ்கார்ஃப்' என்ற மனப்பிளவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தினர் மனப்பிளவு நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தினரிடம் நடத்தி 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும், திருமணம், அயலவர் ஒதுக்குவார்கள் என்ற அச்சம், மறைக்க வேண்டிய தேவை ஆகியவற்றையே முன்னே வைத்தது. பெருநகரமான சென்னையிலேயே அப்படியென்றால், பத்துக் கிராமங்களுக்குள் சம்பந்தம் பேசுகிற வன்னியைச் சொல்ல வேண்டியதில்லை. நோயாளியோடு தொடர்புடையவர்மேலும் அதே பழி ஒட்டிக்கொள்வதைச் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963 இல் ஒரு தனிக் கருத்தாகவே பெயரிட்டு விளக்கினார். நம்மிடம் அதற்குத் தனிப்பெயர் தேவைப்பட்டதே இல்லை. தனி ஆளுக்கு மட்டும் பழி வருவதாக நாம் எண்ணினால்தானே மற்றவர்களுக்கு ஒட்டுவதைத் தனியாகப் பெயரிட வேண்டும். இங்கே பழி எப்போதும் குடும்பத்துக்கு, சில வேளைகளில் முழுச் சந்ததிக்கு.

வன்னியின் குடியேற்ற வரலாறு இதைச் சிக்கலாக்குகிறது. முள்ளியவளை, தண்ணீரூற்று போன்ற பழைய ஊர்களில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையையும் அயலவர் அறிவர். அங்கே மறைப்பதற்கு இடம் குறைவு, ஆனால் "அந்தாளின்ர தேப்பனும் ஒரு மாதிரித்தான், ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை" என்று சொல்லி விட்டுவிடுகிற பழக்கமும் உண்டு. வட்டக்கச்சி, உருத்திரபுரம் போன்ற குடியேற்றத் திட்டங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு வேர் தீவிலோ வடமராட்சியிலோ இருக்கும்; சம்பந்தம் பேசுகிறவர்கள் அங்கே ஆளனுப்பி விசாரிப்பார்கள். மலையகத்திலிருந்து இனக்கலவரங்களுக்குத் தப்பி வந்து குடியேறிய குடும்பங்களிடம் விசாரிக்கப் பழைய ஊரே இல்லை. அதனால் கண்ணுக்குத் தெரிகிற அறிகுறியை வைத்தே முடிவு செய்கிறார்கள். இப்போது கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற மாமிமார் வட்ஸ்அப்பில் விசாரிக்கிறார்கள். கடல் கடந்திருப்பவருக்கு ஊரில் நூறு பேரைத் தெரியும், அந்த நூறு பேரில் ஒருவராவது வைத்தியசாலை வரிசையில் யாரையாவது பார்த்திருப்பார். என் பழக்கத்துக்குரிய அந்த வீட்டில், கடைசித் தங்கையைப் பெண் பார்க்க வந்த இரண்டு தடவையும் அண்ணனைச் சித்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவனுக்கு அது தெரியும். இரண்டாம் தடவை தானாகவே பையை எடுத்து வைத்தான் என்று தாய் சொன்னார்; சொல்லிவிட்டு நெல் புடைக்கப் போய்விட்டார்.

இந்த அச்சத்துக்கு மருத்துவத்தில் ஆதாரம் இருக்கிறதா என்றால், ஓரளவு இருக்கிறது, ஊர் நினைக்கிற அளவுக்கு இல்லை. தாய் தந்தையரில் ஒருவருக்கு மனப்பிளவு நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்ற அளவில் கணக்கிடப்படுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு அது வருவதில்லை. மரபணு முற்றாக ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால்கூட மற்றவருக்கு வருவது ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான். உடன்பிறந்தாளின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு இன்னும் மிகக் குறைவு. ஆனால் "மனநோயும் நீரிழிவு போல ஒரு மூளை நோய், வெட்கப்படாதீர்கள்" என்று மேடையில் சொல்லப்படும்போது, கேட்டிருக்கும் தாயின் மனதில் விழுவது 'மூளை' என்ற சொல்லும் அதற்குப் பின்னால் வருகிற 'பரம்பரை' என்ற சொல்லும்தான். அமெரிக்காவில் 1996 இலும் 2006 இலும் எடுத்த கருத்துக்கணிப்புகளை ஒப்பிட்டு 2010 இல் வெளியான ஆய்வொன்று, மனநோயை மூளையின் கோளாறு என்று ஏற்பவர்கள் அந்தப் பத்தாண்டில் கூடியபோதிலும், நோயாளிகளிடமிருந்து விலகியிருக்க விரும்புவது குறையவில்லை என்று கண்டது. அறிவு பெருகினால் பழி கரையும் என்ற நம்பிக்கை அங்கேயும் பலிக்கவில்லை. வன்னியில் அந்தச் சுவரொட்டி வாசகம், நான் பார்த்தவரையில், குடும்பங்களின் பயத்துக்கு ஒரு விஞ்ஞானப் பெயரைக் கொடுத்ததோடு நின்றுவிட்டது.

பெண்ணுக்கு இந்தக் கணக்கு வேறு விதமாகப் போடப்படுகிறது. மகனுக்கு வருத்தமென்றால் "ஒரு கலியாணத்தைக் கட்டி வைச்சால் சரிவரும்" என்று சொல்ல ஆள் உண்டு, அந்தப் பேச்சுக்கு இரையாகி வருகிற பெண்ணைப் பற்றி எவரும் யோசிப்பதில்லை. மகளுக்கு வருத்தமென்றால் கதவு சாத்தப்படுகிறது. கட்டிக்கொடுத்த பிறகு, பிள்ளைப்பேற்றின் பின் நோய் வெளிப்பட்டால், "மறைச்சுக் கட்டிவைச்சிட்டியள்" என்ற குற்றச்சாட்டோடு அவள் தாய்வீட்டுப் படலையில் விடப்படுகிறாள். அது பிறந்த வீட்டாருக்கே தெரியாத புதிய நோயாக இருந்தாலும் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்ப வழியில்லை. போரில் கணவனை இழந்த பெண் தலைமை தாங்கும் வீடுகளில் இன்னொரு சங்கடம்: தாயே நோயாளி என்று வெளியே தெரிந்தால் பிள்ளைகளை விடுதியில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில், அவள் கிராம அலுவலரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சிரித்துக்கொண்டே நிற்பாள்.

முன்னாள் போராளிகளின் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போர் முடிந்தபின் சுமார் 12,000 பேர் அரசின் புனர்வாழ்வு முகாம்களுக்குள் வைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டனர். அப்படித் திரும்பிவந்த ஒருவருக்கு மனம் குழம்பினால், குடும்பம் ஊருக்கு அஞ்சுவதோடு விசாரிக்க வருகிறவர்களுக்கும் அஞ்சுகிறது. தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்று அவர் சொல்வதில் எவ்வளவு நோய், எவ்வளவு உண்மை என்று மனைவியாலேயே பிரித்தறிய முடியாத வீடுகள் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள், 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தவர்கள், வேறொரு காரணத்துக்காக உளநலச் சேவையைத் தள்ளி வைக்கிறார்கள். மகனைத் தேடுகிற தாயிடம் உளவளத்துணை பெறச் சொன்னால், "எனக்கு விசரெண்டோ சொல்லுறியள்?" என்று அவர் கேட்பது நியாயமானது, தன் கேள்வியை நோயாக மாற்றி மூடிவிடுவார்களோ என்று அவர் அஞ்சுகிறார்.

மறைப்புக்கு விலை இருக்கிறது. மனப்பிளவு நோயில் முதல் அறிகுறிக்கும் முதல் மருந்துக்கும் இடையே காலம் நீள நீள மீட்சி கடினமாகிறது என்பது மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. பரியாரி, சாத்திரி, கோயில், வேறு மாவட்டத்து வைத்தியசாலை என்று அலையும் காலம் அந்த இடைவெளிக்குள்தான் போகிறது. மருந்தும் தன் பங்குக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. கை நடுங்குகிறது, நடை இறுகுகிறது, வாயில் நீர் வடிகிறது, உடல் பருக்கிறது. நோய் அடங்கியிருக்கும்போதுதான் அயலவர் கண்ணுக்கு அவன் நோயாளியாகத் தெரிகிறான். குளிசையை நிறுத்திவிட்டால் சில கிழமைகளுக்கு 'வடிவாக' இருப்பான் என்பதால், கலியாணவீடு, சாமத்தியச் சடங்கு வருகிற மாதத்தில் மருந்தை நிறுத்துகிற குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். நோய் திரும்பி வருவது சடங்குக்குப் பிறகு.

அரசின் தரப்பையும் சொல்லாமல் விட முடியாது. இலங்கையின் உளநலச் சட்டத்துக்கு அடிப்படை 1873 ஆம் ஆண்டில் பிரித்தானியர் இயற்றிய கட்டளைச்சட்டம். அதன் கண்ணில் நோயாளி நீதிமன்றம் விசாரித்து அடைத்துவைக்க வேண்டிய ஆள். அங்கொடையில் இருந்த பெரிய வைத்தியசாலை பின்னர் தேசிய மனநல நிறுவகமாகப் பெயர் மாறியது, ஆனால் 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயர் நாடெங்கும் வசைச்சொல்லாகவே நிற்கிறது. சுனாமிக்குப் பிறகு வந்த 2005 ஆம் ஆண்டுக் கொள்கை, சேவையை மாவட்ட வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவரத் தீர்மானித்ததும், உளநல மருத்துவ அலுவலர்கள் வெளிக்கள கிளினிக்குகளுக்கு வரத் தொடங்கியதும் பெரிய மாற்றம், இதில் ஐயமில்லை. தற்கொலை முயற்சி 1998 இல் குற்றச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது, ஆனால் பொலிசுக்குப் பயந்து "தவறுதலாகக் குடிச்சிட்டாள்" என்று வாக்குமூலம் கொடுக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, அந்த வாக்குமூலத்தோடு உளநலப் பிரிவுக்கு அனுப்பப்படும் வாய்ப்பும் போய்விடுகிறது. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் ஆலோசனை கிடைக்கும். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் எங்கே நின்று அழைப்பது என்பது வேறு கேள்வி.

பழி எதனால் குறைகிறது என்று ஆராய்ந்த, 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணைக்குழு, 2022 இல் வெளியிட்ட அறிக்கையில், நோயை அனுபவித்தவர்களோடு நேரடியாகப் பழகுவதே மிகுந்த பலன் தருகிறது என்று முடிவு கூறியது. வன்னியில் அந்தப் பழக்கம் கூட்டத்தில் நடப்பதில்லை, வயலில் நடக்கிறது. அந்த வீட்டு மூத்த மகன் சென்ற காலபோகத்தில் அயலவர் ஒருவரின் இரண்டு ஏக்கருக்குத் தண்ணி கட்டினான். வாய்க்காலில் முறைக்குத் தண்ணீர் வருவது நடுச்சாமத்தில். ஊசியின் மந்தத்தையும் மீறி அவன் ஒரு முறையைக்கூடத் தவறவிடவில்லை என்று அந்த அயலவர் கடையில் நின்று சொன்னதை நானே கேட்டேன். "அந்த ஏலாத பெடியன்" என்று அதுவரை சொல்லிவந்தவர், அன்று அவனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அவனுக்கு என்ன வருத்தம் என்பது அந்த அயலவருக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். கண் கிளினிக்குக்கு எவரும் மாதம் தவறாமல் நாலு வருடமாய்ப் போவதில்லை.

தாயிடம் இதைச் சொன்னபோது அவருக்கு மகிழ்ச்சிதான். அப்படியானால் பக்கத்து வைத்தியசாலைக்கே ஊசியை மாற்றிக்கொள்ளலாமே, பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிஞ்சுமே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "மாத்தலாம் தம்பி," என்றார், "இவளின்ர சம்பந்தம் ஆவணியில ஒப்பேறட்டும்." கொப்பி இன்னும் முருகன் படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது.